பல பட்டியல், ஓர் ஏடு

பல இடங்களிற் சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒன்றாய்த் தொகுப்பது எளிய வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஒன்றன்கீழ் ஒன்றாய் ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அவர்தம் கருத்து. அங்ஙனமன்று என்பதை நம் காளஹஸ்தியைக் கொண்டே காட்டுவோம்.

இவ்வூர் 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவிலும், பின்னர் சித்தூர் ஜில்லாவிலும் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி ஜில்லாவைச் சார்ந்துள்ளது. 2011 ஜனத்தொகைக் கணக்கிலோ சித்தூரின்கீழ்க் காணப்படும். ஊர் நகரவில்லை, ஏட்டிலே அதன் இடம் மாறியது. ஜில்லாப் பெயரை மட்டும் நம்பிப் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இணைப்போர் காளஹஸ்தியையே தவற விடுவர்.

இத்தகைய தொகுப்புக்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் கருவிகளுள் ஒன்று, ‘ஆர்’ என்னும் புள்ளிவிவரக் கணினி மொழி. நியூஸிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதனை ஆக்கினர். விலையின்றிக் கிடைப்பது.

இதில் இரு வழிகள் உள. ஒரே வகைப் பத்திகள் கொண்ட கோப்புகளைக் கீழ்க்கீழாய் அடுக்குவது ‘ஆர்பைண்ட்’. பத்தித் தலைப்புகள் ஒவ்வாவிடில் அது பிழையென்று கூறி நின்றுவிடும், அது நன்மையே. பொது அடையாளம் ஒன்றைக் கொண்டு இரு கோப்புகளைப் பக்கம்பக்கமாய்ப் பொருத்துவது ‘மெர்ஜ்’. அபாயம் இங்கேதான். இரண்டிலும் ஒத்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை ஓசையின்றி அது விலக்கிவிடும். எல்லா வரிகளும் வேண்டுமென்று தனியே கட்டளையிட்டாலன்றி விடுபட்டவை புலப்படா.

நம் குடும்பங்களுக்கு இவ்வபாயம் மிகுதி. வீட்டுப் பட்டியலில் ‘கு. முருகேசன்’ என்றிருப்பவர் பள்ளிப் பட்டியலில் ‘முருகேசன் குப்புசாமி’ ஆவார். ஊர் ஒன்றில் ‘காளஹஸ்தி’, மற்றொன்றில் ‘ஸ்ரீகாளஹஸ்தி’. கணினிக்கு இவை வெவ்வேறே. எண்களிலும் கண்ணி உண்டு. 2010 டிசம்பர் முதல் ரயில் வண்டி எண்கள் ஐந்திலக்கமாயின. சிறப்பு வண்டிகளுக்கு முதலிலக்கம் பூஜ்யம். அதனை எண்ணாக வாசித்தால் பூஜ்யம் மறைந்து நான்கிலக்கமே எஞ்சும். ஆதலின் குறியீடுகளை எழுத்தாகவே வாசிக்கச் செய்தல் வேண்டும்.

“இதனால் நமக்கென்ன?” என வினவலாம். பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருப்பின், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தல் வேண்டுமென 1949-இல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு நெறி வகுத்தது. 1956-இல் அரசியல் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவும் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைப் பேசுகிறது. பத்துப் பேரில் இருவர் பட்டியலினின்று நழுவினால் எஞ்சுவோர் எண்மர். கேட்கும் உரிமை இருந்தும், காட்டும் கணக்கு இராது.

எனவே கிளைகள்தோறும் பட்டியல் எழுதும் அன்பர்கள் மூன்று செயல்களை மறவாதிருப்பாராக. குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மாறாத எண்ணொன்று தருக. ஒவ்வொரு வரியும் எந்தக் கோப்பினின்று வந்ததென்று தனிப் பத்தியிற் குறிக்க. இணைக்குமுன்னும் இணைத்தபின்னும் வரிகளை எண்ணுக. இணைக்கும் வேலையைக் கணினி நொடியிற் செய்துவிடும். விடுபட்டவர் யாரென்று தேடுவதோ நம் கடமை.