முகாமில் கொடுத்தால் போதுமா பல் செட்?

ஏழை முதியோருக்கு இலவச உதவிச் சாதனங்கள் வழங்கும் 'ராஷ்ட்ரீய வயோஸ்ரீ' திட்டத்தை மத்திய அரசு 2017-ம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி ஆகியவற்றுடன் பல் செட்டும் பட்டியலில் உண்டு. அளவெடுக்க ஒரு முகாம், வழங்க ஒரு முகாம். இதுதான் முறை.

ஊன்றுகோலை வாங்கிய கையோடு ஊன்றி நடக்கலாம். பல் செட் அப்படியல்ல. ஈறுக்கு அச்செடுக்க, தாடைகள் சேரும் உயரம் குறிக்க, மெழுகில் பல் பதித்துப் பார்க்க, பிறகு மாட்ட என நாலைந்து தடவை டாக்டரிடம் போகவேண்டும். மாட்டிய பின்பும் உறுத்தும் இடத்தைத் தேய்த்துத் திருத்த வேண்டும். மேல் செட் அண்ணத்தைப் பற்றி நிற்கும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை, நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். பல் போன இடத்தில் எலும்பு நாளடைவில் தேய்வதால், இன்று பொருந்துவது சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

முகாம் கலைந்தபின் இதையெல்லாம் யார் செய்வது? திருத்த ஆளில்லாவிட்டால் செட் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். பெரியவர் கஞ்சிதான் குடிப்பார். பதிவேட்டில் மட்டும் 'வழங்கப்பட்டது' என்றிருக்கும்.

பல் செட்டை மட்டும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிடம் ஒப்படைத்து, திருத்தத்தையும் அங்கேயே செய்து கொடுப்பதே முறை. அதுவரை, பெற்றோரை முகாமுக்கு அழைத்துச் செல்வோர் 'உறுத்தினால் எங்கே வருவது?' என்று முதலிலேயே கேட்டு, விலாசத்தை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.