சலவைக்கல், ஸ்லேட், நைஸ்



போன வாரம் வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் பஸ்ஸில் பழைய மாணவர் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "சார், உருமாறிய பாறைக்கு எடுத்துக்காட்டு சலவைக்கல், ஸ்லேட், நைஸ். இன்னும் மறக்கல சார்" என்றார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பஸ் கெங்குவார்பட்டியைத் தாண்டியது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்த ஊர்ப் பாறை உலகப் புவியியல் ஆய்விதழ்களில் பேர் பெற்றது. உங்களில் ஒருவரைக்கூட நான் அங்கே கூட்டிப் போனதில்லை. மூன்று பெயரை மனப்பாடம் செய்ய வைத்ததோடு சரி.

அந்தப் பாறையில் சஃபிரின் என்ற நீலநிறக் கனிமம் இருக்கிறது. அது எந்தக் கனிமங்களோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, ஒரு காலத்தில் அந்தப் பாறை 900 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். நிலத்துக்கடியில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த வேலை அது. காலத்தைச் சொல்வது வேறு கனிமங்கள். சிர்க்கான் மணிக்குள் இருக்கும் யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாக மாறும். இரண்டையும் அளந்தால் வயது தெரியும்.

நம் தென்மாவட்டப் பாறைகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு சுமார் 55 கோடி ஆண்டு. கண்டங்கள் மோதி ஒட்டி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான காலம் அது. மடகாஸ்கரும் இலங்கையும் அப்போது நமக்கு ஒட்டிய அண்டை வீடுகள். நடுவில் இருந்த கடல் மூடிப்போனது. அது மூடிய தழும்புதான் பாலக்காட்டிலிருந்து காவிரி வரை ஓடும் பிளவு மண்டலம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கடலும் இல்லை, மோதலில் எழுந்த மலைகளும் தேய்ந்துவிட்டன. சாட்சிக்கு மிச்சம் இருப்பது உருமாறிய பாறை மட்டும்தான்.

அந்தச் சாட்சியைத்தான் கருங்கல் ஜல்லியாக உடைத்துக்கொண்டிருக்கிறோம். ஜல்லி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் வீடும் அதில்தான் நிற்கிறது. ஆனால் ஒரு குன்றுக்கு வெடி வைக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று புவியியல் தெரிந்த ஒருவர் பார்த்து, மாதிரி எடுத்து, பதிந்து வைக்க வேண்டும். அரிதான இடமென்றால் ஒரு மூலையையாவது விட்டுவைக்க வேண்டும். புத்தகம் எரிந்தால் மறுபதிப்பு போடலாம். குன்றுக்கு மறுபதிப்பு கிடையாது.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், சிலர் பஞ்சாயத்தில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் கிரஷரே நடத்துகிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். இந்த வருஷம் பிள்ளைகளைப் பக்கத்துக் குன்றுக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். நான் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்தால் என் மனசு ஆறும்.

கூட வரச் சொன்னால் நானும் வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, மெதுவாக ஏறலாம்.