நிலம் தந்த அரசும் நிலம் பறித்த அரசும்

கல்வராயன் மலையிலிருந்து வந்து என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர், அண்மையில் கள்ளக்குறிச்சியில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவரும் ஓர் ஆசிரியர். பேச்சினிடையே, "ஐயா, மேற்கு வங்க நிலச் சீர்திருத்தத்தை எங்களுக்கு அவ்வளவு பெருமையாக நடத்தினீர்கள். உரிமை தந்த அரசை அந்த உழவர்களே ஏன் தோற்கடித்தார்கள்?" என்று கேட்டார். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் விடுபட்ட மலையில் பிறந்தவர் கேட்ட கேள்வி அது. ஒரு வரியில் விடை கூற என்னால் இயலவில்லை.

நான் பெருமையாக நடத்தியதில் பிழையில்லை. 1977 ஜூனில் ஜோதி பாசு தலைமையில் பொறுப்பேற்ற இடது முன்னணி அரசு, மறு ஆண்டே 'ஆபரேஷன் பர்கா'வைத் தொடங்கியது. அதிகாரிகள் கிராமங்களுக்கே சென்று வாரதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்தனர். ஏறத்தாழ 14 லட்சம் பேர் பதிவு பெற்றனர். இடுபொருள்களைத் தாமே இடும் வாரதாரருக்கு விளைச்சலில் 75 விழுக்காடு என்பது சட்டம். உழும் உரிமை வாரிசுகளுக்கும் உண்டு. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1978-இல், மூன்றடுக்கு ஊராட்சித் தேர்தலையும் அந்த அரசு நடத்தியது. பர்கா பதிவு வேளாண் விளைச்சலையும் உயர்த்தியது என்பதைப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியான ஆய்வில் நிறுவினர்.

அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? முதலாவது, பொருளியல் சார்ந்தது. 1980-களில் வேகமெடுத்த வேளாண் வளர்ச்சி 1990-களில் தளர்ந்தது. சிறிய நிலம் பிள்ளைகளிடையே மேலும் சிறிதானது. பள்ளி சென்ற அடுத்த தலைமுறை கேட்டது வேலை. ஆலைகளோ மூடப்பட்டுக்கொண்டிருந்தன. தொழில் வேண்டும் என்று முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா கருதியதில் தவறில்லை.

இரண்டாவது, அரசியல் சார்ந்தது. மக்கள் சொல்வதைக் கேட்பதற்காக உருவான ஊராட்சி, கட்சி சொல்வதை மக்களுக்குச் சொல்லும் இடமாக மாறியது. வரப்புத் தகராறு முதல் நிவாரணப் பொருள் வரை எல்லாவற்றுக்கும் உள்ளூர்க் கட்சிக்காரரே வாயில். அரசியல் அறிஞர் துவைபாயன் பட்டாச்சார்யா இதைக் 'கட்சிச் சமூகம்' என்றழைத்தார். இத்தகைய அமைப்பில் மேலிருப்பவருக்குக் கசப்பான செய்தி சென்று சேர்வதில்லை. 2006 தேர்தலில் 294 இடங்களில் 235-ஐ வென்றதும் கட்சியின் செவி முற்றிலும் அடைத்துக்கொண்டது.

அவ்வாண்டே சிங்கூரில் டாடாவின் சிறுகார் ஆலைக்காக 997 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. பயன்பட்டது ஆங்கிலேயர் காலத்து 1894-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவுபெற்ற வாரதாரருக்கு நில விலையில் 25 விழுக்காடு தரப்பட்டது. பதிவில்லாத வாரதாரருக்கும் கூலித் தொழிலாளருக்கும் அந்தப் பங்கு இல்லை. யாருக்காக அந்த அரசு பிறந்ததோ, அவர்களே கணக்கில் விடுபட்டனர். 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் மாண்டனர்.

இங்கு ஒரு முரணைக் குறிப்பிட வேண்டும். 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வன உரிமைச் சட்டம் நிறைவேற இடதுசாரிகள் முனைந்து நின்றனர். அதே மாதத்தில் சிங்கூரில் காவல்துறைப் பாதுகாப்புடன் வேலி போடப்பட்டது. எங்கள் மலைக்கு மேற்கே வாச்சாத்தியில் 1992-இல் வன்கொடுமைக்கு ஆளான பழங்குடியினருக்காக மார்க்சிஸ்ட் கட்சியினர் பல்லாண்டுகள் வழக்காடியதை அறிந்தவன் நான். அதே கட்சி ஆட்சியில் அமர்ந்த இடத்தில் வேலிக்கு மறுபுறம் நின்றது.

என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு மாறுவது தவிர்க்க இயலாதது என்று பாடநூல் வாதத்தைச் சொல்லி, சிங்கூர் நில எடுப்பை வகுப்பில் நியாயப்படுத்தினேன். இழப்பவர் யார், அவரிடம் கேட்டார்களா என்ற வினாவை நான் எழுப்பவில்லை. அந்த எடுப்பு செல்லாது என 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதுதான் என் பழைய குறிப்பேட்டை மீண்டும் புரட்டினேன்.

மக்கள் திடீரெனக் கைவிடவில்லை. 2008 ஊராட்சித் தேர்தலிலேயே எச்சரித்தனர். 2009 மக்களவைத் தேர்தலில் இடது முன்னணியின் இடங்கள் 35-இலிருந்து 15-ஆகக் குறைந்தன. 2011-இல் சட்டப்பேரவையில் கிடைத்தவை 62. முப்பத்துநான்கு ஆண்டு ஆட்சி முடிந்தது. முதல்வரே தம் தொகுதியில் தோற்றார். வாக்கு விகிதம் 2014-இல் சுமார் 30 விழுக்காடாக இருந்து 2019-இல் 8-க்கும் கீழே இறங்கியது. 2021 பேரவையில் ஓரிடமும் இல்லை. கொள்கைக்காக வந்தவர்களைவிடப் பாதுகாப்புக்காக வந்தவர்களே கூட்டத்தில் மிகுந்திருந்தனர் என்பதை இந்தச் சரிவு காட்டுகிறது. திரிபுராவிலும் 25 ஆண்டு ஆட்சி 2018-இல் முடிந்தது. கேரளத்திலோ 2021 வரை சுமார் நாற்பதாண்டுகள் ஆட்சி மாறி மாறி வந்தது. அங்கே தோல்வியே கட்சிக்கு ஆசானாக இருந்தது.

மாணவருக்கு நான் இறுதியில் கூறிய விடை இதுதான்: நலத்திட்டம் செய்த அரசுக்கு வாக்காளர் நிரந்தரமாகக் கடன்பட்டவர் அல்லர். தந்தைக்குக் கிடைத்த பட்டாவை மகனுக்கு நினைவூட்டி வாக்குக் கேட்க முடியாது. மகனுக்கு வேறு தேவை இருக்கிறது. அதைக் கேட்டறிய ஓர் ஏற்பாடு வேண்டும். எடுப்பதற்கு முன் இசைவு பெற வேண்டும் என்ற நெறியை, 2013 நிலம் எடுப்புச் சட்டம் குறிப்பிட்ட சில வகைத் திட்டங்களுக்கேனும் கொண்டுவந்தது. அதற்கு சிங்கூரும் நந்திகிராமும் கொடுத்த விலை பெரிது.

இது இடதுசாரிகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. அவர் விடைபெறும்போது, தம் ஊரில் வன உரிமைப் பட்டா பெற்றவர்களின் பிள்ளைகள் கேரளத்துக்குக் கூலி வேலைக்குச் செல்வதாகக் கூறினார். வங்கத்து வாரதாரரின் பேரனும் அங்கேதான் வேலை தேடி வருகிறான். இருவரும் ஒரே கட்டடத்தில் கல் சுமக்கக்கூடும். அவர்களுக்கு எந்த அரசிடமும் இன்னும் விடை இல்லை.