தனி நாடாவே இருந்த புதுக்கோட்டை: பலருக்கும் தெரியாத 4 விஷயங்கள்!

அமெரிக்க மாநிலங்களோட விநோதத் தகவல்களை ரீல்ஸ்ல பார்த்து ஆச்சரியப்படுறோம். ஆனா நம்ம புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1947 வரை நீடித்த ஒரே சமஸ்தானமும் இதுதான். மேலும் சில சுவாரஸ்யங்கள் இதோ!

1. சொந்த நாணயம்

இங்கே புழங்கிய செப்புக் காசுக்கு 'அம்மன் காசு'ன்னு பேர். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற சொல். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு இந்தக் காசைத் தானமா கொடுப்பாங்க.

2. மன்னர் திறந்த கதவு

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற மாணவி சேர எதிர்ப்பு கிளம்பியது. அதை மீறி அனுமதி கொடுத்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அந்த மாணவிதான் பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இன்றைய மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரில்தான் இருக்கு.

3. மன்னருக்கே மூடிய கதவு

அதே மன்னர் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். மோலியை மகாராணியாக ஏற்க ஆங்கிலேய அரசு மறுத்தது. மகனுக்கும் அரியணை கிடைக்கல. மன்னர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, 1928-ல் பாரிஸில் காலமானார். அரியணை, சிறுவன் ராஜகோபால தொண்டைமானுக்குப் போனது.

4. அரண்மனையே கலெக்டர் ஆபீஸ்

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது. மன்னர் குடும்பம் வாழ்ந்த அரண்மனையில்தான் இன்று மக்கள் மனு கொடுக்கிறாங்க.

இதெல்லாம் இப்போ ஏன் முக்கியம்?

முத்துலட்சுமிக்குக் கதவு திறக்க ஒரு மன்னரின் மனசு தேவைப்பட்டது. ஆனா 1990-களின் தொடக்கத்தில், அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கேலி, கிண்டலைத் தாண்டி குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிப் பெண்கள்னு பல்லாயிரம் பேர் ஓட்டிப் பழகினாங்க. தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக அப்பாவையோ கணவரையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. மன்னர் கொடுத்த அனுமதி ஒருத்தருக்குக் கிடைத்த சலுகை. அரசும் மக்களும் கைகோத்தபோது அது ஊருக்கே கிடைத்த உரிமை. பெண்களுக்கான இலவசப் பேருந்தை 'ஓசி'ன்னு கிண்டல் செய்றவங்க, புதுக்கோட்டையின் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.