குதிரைக் கணக்கும் கூலிக் கணக்கும்

1842இல் தோன்றிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம், 2024 அக்டோபர் 5ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. 1864இல் தோன்றிய பினாங்குக் கழகமும் 2025இல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. சென்னைக் கிண்டியில் 160 ஏக்கர் பந்தயத் திடலின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்துச் செய்து முத்திரையிட்டது. இச்செய்திகளைப் படித்து, "பந்தயப் பேய் ஒழிந்தது, இனி நம் தொழிலாளியின் காசு தப்பிற்று" என்று மகிழ்வோர் நம்மிடையே உண்டு. அவ்வளவு விரைவில் மகிழ்ந்துவிட வேண்டாம், தோழர்களே!

முன்பு பந்தயம் பார்க்க வேண்டுமானால், கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் இறங்கி ஈப்போத் திடலுக்குச் செல்ல வேண்டும். போக்குவரத்துச் செலவே பாதிப் பேரைத் தடுத்துவிடும். இன்றோ உலகிலுள்ள அத்தனை திடல்களும் லயத்து வாசற்படியில், கைப்பேசிக்குள் வந்து நிற்கின்றன. அதோடு புதிய பேச்சொன்றும் கிளம்பியிருக்கிறது. "அதிர்ஷ்டத்தை நம்பியது அப்பன் காலம். நாங்கள் ஆராய்ச்சி செய்து கட்டுகிறோம்" என்கிறார்கள் படித்த இளைஞர்கள். பழைய பந்தய முடிவுகள் அடங்கிய கோப்புகளைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, அவற்றைத் திறக்கும் வகையைக் கேட்டு வருகிறார்கள்.

"தொடாதே, தீது" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் தடுத்த கதவைத்தான் வாலிபம் முதலில் தட்டும். ஆகவே நான் சொல்வது வேறு. கோப்பைத் திறவுங்கள், நன்றாகவே திறவுங்கள், கடைசி வரி வரையில் படியுங்கள். படித்து முடித்தவன் பந்தயக்காரனுக்குப் பணம் கொடுக்கமாட்டான் என்பது என் துணிபு.

ஹாங்காங்கில் 1997 முதல் 2005 வரை நடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயங்களின் முடிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை இரண்டு கோப்புகள். ஒன்றில் பந்தயத்துக்கு ஒரு வரி: நாள், திடல், தூரம், தரையின் நிலை, பந்தய வகுப்பு. மற்றொன்றில் ஓடிய குதிரைக்கு ஒரு வரி: வந்த இடம், சுமந்த எடை, புறப்பட்ட வாயில் எண், ஓட்டியவர், பழக்கியவர், கிடைக்கவிருந்த பங்குத்தொகை. இரண்டிலும் பந்தய எண் என்ற பத்தி உண்டு. அதைக் கொண்டே இரண்டையும் இணைக்க வேண்டும். செக்ரோலில் உள்ள ஆள் எண்ணைக் கொண்டு கொழுந்து எடைப் புத்தகத்தைச் சரிபார்க்கிறோமே, அதே முறைதான்.

இக்கோப்புகளில் காற்புள்ளிதான் ஒரு விவரத்தையும் அடுத்த விவரத்தையும் பிரிக்கும் வேலி. முதல் வரி தலைப்பு. எக்செல் போன்ற எந்தக் கணக்குச் செயலியிலும் திறக்கும். ஆனால் திறந்தவுடன் நம்பிவிடக்கூடாது. 3-4 என்றிருந்தால் அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று செயலி தானாகவே முடிவு கட்டிவிடும். எடை என்று இரண்டு பத்திகள் இருக்கும். ஆயிரம் பவுண்டை ஒட்டி நிற்பது குதிரையின் உடல் எடை. நூற்றுச் சொச்சத்தில் நிற்பது அது சுமந்த எடை. இரண்டையும் குழப்பியவன் ஆராய்ச்சி அங்கேயே கவிழ்ந்தது. இன்னொன்று: ஓடி முடிந்த நேரமும், வழியில் எந்த இடத்தில் ஓடிற்று என்பதும் அக்கோப்பில் உண்டு. அவை பந்தயம் முடிந்தபின் தெரிந்த செய்திகள். அவற்றை வைத்து வெற்றியை முன்கூட்டிச் சொல்வது, விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு தேர்வு எழுதுவதாகும். பழைய ஆண்டுகளை வைத்து விதி வகுத்து, பிந்திய ஆண்டுகளில் அது நிற்கிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. காசுக்குக் கோப்பு விற்பவர்களில் எத்தனை பேர் இச்சோதனையைக் காட்டுகிறார்கள்?

இனி, கோப்பு சொல்லும் உண்மையைப் பார்ப்போம். ஏதாவது ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும், வென்றால் ஒரு வெள்ளிக்கு எத்தனை வெள்ளி திரும்பும் என்று எழுதியிருக்கும். 4 வெள்ளி என்றால் ஒன்றை நான்கால் வகுங்கள்: 0.25. 10 வெள்ளி என்றால் 0.10. இப்படி எல்லாக் குதிரைகளுக்கும் வகுத்துக் கூட்டுங்கள். நியாயமான ஆட்டமாக இருந்தால் கூட்டுத்தொகை ஒன்று வர வேண்டும். அங்கே 1.2ஐ ஒட்டி வரும். அந்த அதிகப்படி எதைக் காட்டுகிறது? பங்கு பிரிக்கும் முன்பே கழகமும் அரசு வரியும் எடுத்துக்கொள்ளும் கழிவு அது. ஹாங்காங்கில் வெற்றிப் பந்தயத்துக்கு இக்கழிவு நூற்றுக்கு 17.5. சிக்கலான கூட்டுப் பந்தயங்களுக்கு இன்னும் அதிகம்.

நூறு வெள்ளி கொண்டுபோனவன் கையில் சராசரியாக 82 வெள்ளி 50 காசு மிஞ்சும். அதையே மீண்டும் கட்டினால் 68 வெள்ளி. மூன்றாம் சுற்றில் 56. நான்காம் சுற்றில் 46. எவரும் ஏமாற்றவில்லை, எந்தக் குதிரைக்கும் மருந்து கொடுக்கவில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தபோதே இந்தக் கதி!

"எந்தக் குதிரைமேல் கூட்டம் கட்டுகிறதோ அதன்மேல் கட்டினால் என்ன?" என்பார்கள். கூட்டம் விரும்பும் குதிரை உலகெங்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தை வெல்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் பங்கு சிறிது. "ஒரு வெள்ளிக்கு ஐம்பது வரும் குதிரைமேல் கட்டினால்?" அதில் நட்டம் இன்னும் கொடிது. எளியவன் பெருந்தொகைக்கு ஆசைப்பட்டுத் தகுதிக்கு மீறிய பணத்தை அப்படிப்பட்ட குதிரைமேல் கட்டுகிறான் என்பதை அமெரிக்காவில் கிரிஃபித் என்பவர் 1949லேயே புள்ளிவிவரத்தோடு எழுதிவைத்தார். மேலும், வலுத்த குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி, இளைத்த குதிரைக்குக் குறைத்து, எது வெல்லும் என்று தெரியாதபடி செய்வதற்கென்றே கழகம் சம்பளம் கொடுத்து ஓர் அதிகாரியை வைத்திருக்கிறது. உங்கள் ஆராய்ச்சியை முறியடிப்பதே அவர் உத்தியோகம்.

அப்படியானால் கணக்குப் போட்டு வென்றவரே இல்லையா? உண்டு. மறைப்பானேன்? பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களின் நடுவில் ஹாங்காங் சென்றார். தொடக்கத்தில் இழந்தார். பிறகு ஒவ்வொரு குதிரைக்கும் நூறுக்கும் மேற்பட்ட விவரங்களைக் கணினியில் ஏற்றி, பெருஞ்செல்வம் குவித்தார். 1994இல் தம் முறையை வெளியிடவும் செய்தார். அதில் ஒரு செய்தி நம்மவர் கவனிக்கத்தக்கது. அவர் கணினியின் மதிப்பீடு தனித்து நின்று போதவில்லை. பொதுமக்கள் கட்டிய பணம் காட்டும் மதிப்பீட்டையும் அதோடு சேர்த்த பிறகே கணக்கு நிலைத்தது. அத்தனை பெரிய மேதைக்கும் கூட்டத்தின் அறிவு தேவைப்பட்டது!

அவர் வென்ற பணம் எங்கிருந்து வந்தது? கழகத்தின் பெட்டியிலிருந்து வரவில்லை. கழகம் தன் கழிவை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. மிச்சப் பணம் கட்டியவர்களுக்குள்ளேயே கைமாறுகிறது. ஆகவே கணினிக்காரனின் வெற்றி என்பது, வண்டி ஓட்டியும் மூட்டை சுமந்தும் பத்து பத்தாகக் கட்டியவனின் தோல்வியே. நம் இளைஞன் இலவசக் கோப்போடு இறங்குவது, ஆட்களும் முதலும் யந்திரமும் உடைய அக்கூட்டத்தோடு மோதுவதற்கு. மலைச்சரிவில் சைக்கிளைக் கொண்டு லாரியை மறிப்பவனை வீரன் என்போமா?

1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அன்று, திறமைக்கு முதலிடமுள்ள ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. பந்தயப் பிரியர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். திறமை ஆட்டமென்றே வைத்துக்கொள்வோம். யாருடைய திறமை என்பதன்றோ கேள்வி? அதிர்ஷ்ட ஆட்டத்திலாவது ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வாய்ப்பு. திறமை ஆட்டத்தில் பெரிய யந்திரம் வைத்திருப்பவனே வெல்வான். மேலும் நம் நாட்டில் உரிமம் பெறாத இடத்தில் பந்தயம் கட்டுவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறத்தலாகாது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். ஆறாயிரம் பந்தயங்களை வரி வரியாகப் பார்க்கும் பொறுமையுள்ள இளைஞன், தன் சம்பளச் சீட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறான்? பார்க்காத குதிரையின் எடையைப் பவுண்டுக் கணக்கில் அறிந்தவன், தன் தாய் நேற்றுப் பறித்த கொழுந்தின் எடையை அறிவானா? ஈரத்துக்கென்று எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டிருப்பானா?

நம்முடைய கோப்பைத் திறப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் இது பொருந்தும். எடைக்கூலி பெறுவோருக்கும் மாத வருமானம் இதற்குக் கீழே போகக்கூடாது. 1,700 வெள்ளிக்குச் சேமநிதியில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 வீதம் 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி தொழிலாளியின் பெயரில் ஏறியிருக்க வேண்டும். வார வேலை நேரம் 2023 முதல் 45 மணி. அதற்கு மேற்பட்ட சாதாரண நாள் வேலைக்கு ஒன்றரைப் பங்கு கூலி. இவற்றில் ஒன்றுகூட ஊகம் அன்று, எல்லாம் சட்டம். இந்த ஆட்டத்தில் கழிவு எடுப்பவன் இல்லை. கணக்குத் தெரிந்தவன் ஒவ்வொரு மாதமும் வெல்கிறான்.

ஆகவே சங்கக் கிளைகளுக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு மாலை, கணினி தெரிந்த பிள்ளைகளைச் சங்க அலுவலகத்தில் கூட்டுங்கள். நாள், பறித்த எடை, கழித்த எடை, வேலை நேரம், பெற்ற கூலி, சேமநிதி என்று பத்திகள் வகுக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கைக் கொண்டுவரட்டும். பக்கத்து லயத்து வங்காளதேச, நேபாளத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தராசு ஒன்றே. ஒருவன் சீட்டைக் காட்டிக் கேட்டால் அது முறையீடு. "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். நூறு பேருடைய ஓராண்டுக் கணக்கை மேசைமேல் வைத்தால் அது சான்று. கூட்டு ஒப்பந்தப் பேச்சில் அதை ஒதுக்கிவிட முடியாது. ஹாங்காங் மேதைக்குப் பயன்பட்ட கூட்டறிவு நமக்குப் பயன்படாதா?

இளைஞர்களே! உங்கள் அறிவைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. உங்கள் பாட்டன் கணக்குத் தெரியாமல் கங்காணியிடம் ஏமாந்தான். உங்களுக்குக் கணக்குத் தெரியும், கணினியும் தெரியும். அத்திறமையைக் கொண்டுபோய்க் குதிரையின் காலடியில் கொட்டாதீர்கள். உழைத்த கூலி ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள், எழுதியதைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.