தாயின் அச்சமும் வணிகரின் மௌனமும்

கருவுற்ற பெண், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்கத் தயங்கினால், அதனை அறியாமையென எள்ளுவோர் உளர். அவ்வச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்கிறோம் நாம்.

1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட், கர்ப்பிணிகளுக்கும் தீங்கற்றதென விளம்பரப்படுத்தப்பட்டது. 1961 நவம்பரில் அங்கு அது மீளப்பெறப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைபட்டுப் பிறந்தனர். அமெரிக்காவிலோ அரசாங்க அதிகாரி பிரான்சிஸ் கெல்சி, சான்று போதாதென்று அனுமதி மறுத்தார். உற்பத்தியாளர் மன்னிப்புக் கோரியதோ 2012இல்!

மருந்தை வீசியெறிவது வழியாகாது. வலிப்புநோயுள்ள தாய் திடீரென மருந்தை நிறுத்தின் இரண்டு உயிர்களுக்கும் ஆபத்து. ஆனால், அவள் கேட்கும் கேள்விக்கு அதட்டல் விடையாகுமா? இலாபத்துக்குக் கட்டுப்படாத ஆய்வும், மறைக்கப்படாத உண்மையும் அவளது உரிமை. அவ்வுரிமைக்காகக் குரலெழுப்புவது கற்றோர் கடமை.