சிபியு-க்குள்ள இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டாச்சு, இனிமே கவலையில்லையா? அப்படி நினைச்சதுக்கு எங்க வீட்டுல கட்டின வரி 1.86 லட்சம்



"சார், கம்ப்யூட்டர்ல இடம் ஃபுல்லாயிடுச்சு. புதுசு வாங்கலாமா, கிளவுடுக்குப் பணம் கட்டலாமா, இல்ல இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டுக்கலாமா?" சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இது அடிக்கடி வருது. பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல இந்தக் கேள்வி எதுக்குன்னு சிலர் நினைக்கலாம். ஆனா இதுல பணம் இருக்கு, அதுவும் பெரிய பணம். என் அனுபவத்தைச் சொன்னா உங்களுக்கே புரியும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டெஸ்க்டாப்புக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போடறது நல்ல செலவு. தாராளமா பண்ணுங்க. ஆனா அது உங்களுக்குக் கொடுக்கறது இடம் மட்டும்தான், பாதுகாப்பு இல்லை. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சதுதான் நான் செஞ்ச தப்பு.

எங்க வீட்டுக் கதை

அப்பாவுக்குச் சிதம்பரத்துல ஒரு வீடு இருந்தது. 2009-ல மாடி எடுத்தார். செங்கல், கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய். பில்லையெல்லாம் ஒரு ட்ரங்க் பெட்டியில போட்டு வச்சிருந்தார். நான் சி.ஏ. முடிச்சதும் பொறுப்பான பிள்ளையா அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி, கடலூர்ல என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சேன்.

2015 வெள்ளம் கடலூர் மாவட்டத்தை என்ன பாடு படுத்துச்சுன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்தது. பெட்டியில இருந்த பில்லெல்லாம் கூழாப் போச்சு. "பரவாயில்லப்பா, சாஃப்ட் காப்பி இருக்கு"ன்னு பெருமையாச் சொன்னேன். அப்புறம் ஒரு சின்ன பயம் வந்து, அதே சிபியு-வுக்குள்ள ரெண்டாவதா ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டி, எல்லாத்தையும் அதுலயும் காப்பி பண்ணினேன். ரெண்டு காப்பி ஆச்சு, நிம்மதியா இருந்தேன்.

2020 நவம்பர்ல நிவர் புயல். கரன்ட் போறதும் வர்றதுமா இருந்த ஒரு நேரத்துல வோல்டேஜ் எகிறி எஸ்எம்பிஎஸ் போச்சு. காசை மிச்சம் பிடிச்சு வாங்கின லோக்கல் எஸ்எம்பிஎஸ் அது. தான் மட்டும் போகாம, அதோட இணைஞ்சிருந்த ரெண்டு டிஸ்கையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடுச்சு. டேட்டா மீட்டுத் தர்ற ஒரு இடத்துல 28,000 ரூபாய் கேட்டாங்க, கிடைக்கும்னு உத்தரவாதமும் இல்லைன்னாங்க. ஆபீஸ் ஃபைல்ல முக்கியமானது எல்லாம் மெயில்லயும் வரித்துறை போர்ட்டல்லயும் இருந்ததால, வேணாம்னு சொல்லிட்டு டிஸ்கைக் கழிச்சுப் போட்டுட்டேன். அந்த பில் ஞாபகமே வரலை.

2022-ல அப்பா வீட்டை வித்தார். வேற வீடு வாங்குற திட்டம் இல்லாததால மூலதன ஆதாய வரி கட்டணும். அப்போ விதி, பணவீக்கக் குறியீட்டைப் போட்டு அடக்க விலையை உயர்த்தி, மீதி லாபத்துக்கு 20 சதவீதம். மாடி கட்டின 6 லட்சத்துல பேங்க் ஸ்டேட்மென்ட் மூலமா 2 லட்சத்துக்குத்தான் ஆதாரம் காட்ட முடிஞ்சது. மீதி 4 லட்சம் ரொக்கமாக் கொடுத்தது, ஆதாரம் இல்லை.

கணக்கைப் பாருங்க. 2009-10-க்கான குறியீடு 148. 2022-23-க்கு 331. அப்போ 4 லட்சம் × 331 ÷ 148 = சுமார் 8.95 லட்சம். அவ்வளவு செலவைக் கழிக்க முடியாமப் போச்சு. அதுக்கு 20 சதவீத வரி 1.79 லட்சம், 4 சதவீத செஸ் சேர்த்தா சுமார் 1.86 லட்சம்.

மதிப்பீட்டாளர்கிட்ட அறிக்கை வாங்கி வாதாடியிருக்கலாம். நோட்டீஸ் வந்தா வருஷக்கணக்கா இழுக்கும், வேணாம்னு அப்பா சொல்லிட்டார். அவர் கோபப்படலை. "நீதான் ஆடிட்டராச்சேப்பா"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னார். இன்னைக்கும் அது காதுல கேக்குது.

அப்போ ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா, வேணாமா?

வாங்குங்க. இடம் பத்தலைங்கறதுக்காக ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புது கம்ப்யூட்டர் வாங்கறதை விட இது எவ்வளவோ மேல். "நோ காஸ்ட் இஎம்ஐ" போட்டாலும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பல பேங்க்ல பிராசசிங் கட்டணமும் உங்க தலையிலதான் விழும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து மூணு விஷயம் பாருங்க:

1. மதர்போர்டுல காலியா சாட்டா போர்ட் இருக்கா? சில போர்டுல எம்.2 எஸ்எஸ்டி போட்டா ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. மேனுவல்ல பார்த்துக்கங்க.
2. எஸ்எம்பிஎஸ்-ல இருந்து வர்ற ஒயர்ல சாட்டா பவர் முனை மிச்சம் இருக்கா?
3. டிஸ்கைத் திருகி மாட்ட இடம் இருக்கா? ஒல்லியான பிராண்டட் பெட்டிகள்ல பெரும்பாலும் 3.5 இன்ச் டிஸ்குக்கு இன்னொரு இடம் இருக்காது.

மூணும் இருந்தா, ஒரு டிஸ்க், ஒரு சாட்டா கேபிள், நாலு ஸ்குரூ. அரை மணி நேர வேலை. கம்ப்யூட்டர் மெதுவாவும் இருந்தா, சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி விண்டோஸை அதுல போட்டுட்டு, பழைய ஹார்ட் டிஸ்கை ஃபைல் வைக்க வச்சுக்கங்க. கொடுக்கற காசுக்கு அதிக பலன் தர்றது இதுதான்.

மாட்டின உடனே புது டிஸ்க் தெரியலைன்னு பதறாதீங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் 'இனிஷியலைஸ்' பண்ணணும். 2 டிபி-க்கு மேலன்னா 'ஜிபிடி' தேர்ந்தெடுங்க. 1 டிபி வாங்கினா 931 ஜிபி-ன்னுதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தலை, கம்பெனி எண்ணுற முறையும் விண்டோஸ் எண்ணுற முறையும் வேற. ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே ஃபைல் இருக்கற பழைய டிஸ்கை மாட்டும்போது 'இனிஷியலைஸ்' கேட்டா, 'கேன்சல்' அடிச்சுட்டுத் தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

விலை ரொம்பக் குறைவா ஒரு டிஸ்க் கொடுத்தா உஷார். சிசிடிவி-யில ஓடித் தேய்ஞ்ச டிஸ்கைத் துடைச்சுப் புதுசு மாதிரி விக்கறவங்க இருக்காங்க. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்துல போட்டு வாரன்டி பாருங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு அதுலயே தெரியும். புது டிஸ்க் பத்தாயிரம் மணி நேரம் ஓடியிருந்தா, அது புதுசு இல்லை.

ரெண்டு டிஸ்க் ஏன் ரெண்டு காப்பி இல்லை?

"நான் ரெய்டு போட்டிருக்கேன் சார்"னு சிலர் சொல்வீங்க. எங்க டிபார்ட்மென்ட் ரெய்டு இல்லை, ஒரு டிஸ்க்ல எழுதறதை இன்னொண்ணுலயும் உடனே எழுதற ஏற்பாடு. ஒரு டிஸ்க் தேய்ஞ்சு போனா இது காப்பாத்தும். ஆனா நீங்க தவறுதலா ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் அழியும். ரான்சம்வேர் வந்தா ரெண்டையும் பூட்டும். எஸ்எம்பிஎஸ் வெடிச்சா, வீட்டுக்குள்ள தண்ணி வந்தா, திருடன் சிபியு-வைத் தூக்கிட்டுப் போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும்.

பங்குச் சந்தையில பத்து ஷேர் வாங்கி, பத்தும் ஒரே கம்பெனியா இருந்தா அதைப் பரவல்னு சொல்வோமா? இதுவும் அப்படித்தான்.

சிதம்பரத்துக்காரங்களுக்கு இது புதுப் பாடமே இல்லை. தேவார ஏடுகள் நடராஜர் கோயில்ல ஒரு அறையில பூட்டிக் கிடந்ததாவும், மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறந்தப்போ கரையான் புற்று மூடியிருந்ததாவும், எண்ணெய் ஊத்திப் புற்றைக் கரைச்சு எடுத்ததுல அரிச்சது போக மிச்சம்தான் கிடைச்சதுன்னும் திருமுறை கண்ட வரலாறு சொல்லுது. இன்னைக்கு நம்ம கையில இருக்கற எட்டாயிரத்துச் சொச்சம் பாட்டு அந்த மிச்சம்தான். சீல் வச்ச அறைதான். ஆனா எல்லாமே ஒரே இடத்துல இருந்தது. அதுதான் பிரச்சினை.

எதையெல்லாம் காப்பாத்தணும்?

சினிமாவும் கேமும் போனா திரும்ப இறக்கிக்கலாம். ஃபார்ம் 26ஏஎஸ், ஏஐஎஸ், தாக்கல் பண்ணின ரிட்டர்ன் எல்லாம் போர்ட்டல்ல இருக்கு. போனா திரும்பக் கிடைக்காதது இதெல்லாம்:

- வேலையை விட்ட கம்பெனியோட பே ஸ்லிப், ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர். கடைசி நாளோட லாகின் போயிடும். பிஎஃப் கணக்குல பிரச்சினை வந்தா இதுதான் துணை.
- கம்பெனி கொடுத்த ஷேரோட விவரம். உங்க பேருக்கு வந்த நாள் மதிப்புதான் உங்க அடக்க விலை.
- வீடு கட்டின, மாடி எடுத்த, பெரிய மாற்றம் செஞ்ச பில்கள். நகை பில்லும்தான்.
- பழைய வரி முறையில காட்டின வாடகை ரசீது, நன்கொடை ரசீது.
- அம்மா அப்பாவோட மருத்துவ ஃபைல், சொத்துப் பத்திர நகல், குழந்தையோட போட்டோ.

எத்தனை வருஷம் வைக்கணும்? வரித்துறை பழைய கணக்கைத் திறக்கறதுக்கு, மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 3 வருஷம் 3 மாசம் வரை பொதுவான வரம்பு. விடுபட்ட வருமானம் 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா 5 வருஷம் 3 மாசம். ஆனா சொத்து சம்பந்தப்பட்ட பில் அப்படி இல்லை. சொத்தை வித்து, அந்த வருஷத்துக்கான வரம்பும் முடியற வரைக்கும் வேணும். அது 30 வருஷமாக்கூட இருக்கலாம்.

நான் இப்போ என்ன பண்றேன்?

காப்பி மூணு. ஒண்ணு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற ரெண்டாவது டிஸ்க்ல. இன்னொண்ணு யுஎஸ்பி-யில மாட்டற வெளி ஹார்ட் டிஸ்க்ல. அது என் வீட்டுல இல்லை, சிதம்பரத்துல அக்கா வீட்டு பீரோவுல இருக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது எடுத்துட்டு வந்து, புதுசைச் சேர்த்து, பழைய ஃபைல் திறக்குதான்னு பார்த்துட்டு, அடுத்த தடவை கொண்டுபோய் வைப்பேன். சும்மா வைக்கற காப்பிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். கரன்ட் இல்லாம ரொம்ப நாள் கிடந்தா அதுல டேட்டா போக வாய்ப்பிருக்கு, சாதா ஹார்ட் டிஸ்கே போதும்.

கடலூரும் சிதம்பரமும் ஒரே மாவட்டம், ஒரே புயல் ரெண்டையும் தொடும்னு நீங்க கேக்கறது சரிதான். அதுக்குத்தான் மூணாவது காப்பி கிளவுட்ல. ஆனா எல்லாத்தையும் இல்லை. மேல சொன்ன ஆவணங்கள் எனக்கு 4 ஜிபி கூட வரலை. இலவசமாக் கிடைக்கற இடத்துலயே அடங்கிடுது. கிளவுடை நான் குறை சொல்லலை. ரெண்டாயிரம் சினிமாவை வைக்க மாசாமாசம் வாடகை கட்டறதைத்தான் வேணாங்கறேன்.

பான், ஆதார் இருக்கற டிஸ்க் இன்னொரு வீட்டுல இருந்தா கட்டாயம் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுங்க. விண்டோஸ் ப்ரோவுல பிட்லாக்கர் இருக்கு, ஹோம்ல இலவசமா வெராகிரிப்ட் போட்டுக்கலாம். பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதி வாழ்க்கைத் துணைகிட்ட கொடுத்து வைங்க. மறந்துட்டா எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

செலவு? விலை மாறிட்டே இருக்கு. உள்ளே ஒரு டிஸ்க் 5,000, வெளியே ஒண்ணு 6,000-ன்னே வச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 183 ரூபாய். கரன்ட் செலவு பெருசா இல்லை. 6 வாட் டிஸ்க் தினம் 8 மணி நேரம் ஓடினா வருஷத்துக்கு 18 யூனிட் கூட வராது. முடிஞ்சா நல்ல எஸ்எம்பிஎஸ், ஒரு யுபிஎஸ். இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அதுக்கு நான்தான் சாட்சி.

"இதை வரியில கழிக்கலாமா?" சம்பளக்காரங்களுக்கு முடியாது. தனியாத் தொழில் வருமானம் இருந்து, கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டறவங்க கம்ப்யூட்டருக்கான 40 சதவீதத் தேய்மானத்துல சேர்க்கலாம். உத்தேச வருமான முறையில கட்டறவங்க தனியாக் கேக்க முடியாது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ, "வீடு கட்டின பில் எங்கே இருக்கு?"ன்னு கேளுங்க. பீரோவுக்கு அடியிலயோ பரண் மேலயோ ஒரு பையில இருக்கும். எழுத்து மங்கறதுக்குள்ள ஸ்கேன் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க் அடுத்த மாச சம்பளத்துல வாங்கிக்கலாம், அதுவரைக்கும் மெயில்ல உங்களுக்கே அனுப்பி வச்சுக்கங்க.

அப்பா இப்போ எந்த பில் வந்தாலும் என்கிட்ட கொடுத்துட்டு, "எங்கே வைக்கப்போறே?"ன்னு கேக்கறார். மூணு இடத்தையும் சொன்னாத்தான் கையில இருந்து விடுவார்.